ஈப்பிடிப்பான் உட்காரும் கொடி

சட்டையை மடித்து வைக்கலாமென்று எடுத்ததுதான் தப்பு. அது பாட்டுக்கு முன் சீட்டில் கசங்கிக் கிடந்திருந்தால், அவர்கள் திரும்பி வரும்வரை அமலோற்பவம் தனக்கு வாய்த்த நிம்மதியோடு, அதாவது ஈயையும் புழுக்கத்தையும் கட்டினவரையும் மனசுக்குள் வரிசையாகத் திட்டிக்கொண்டு, ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பாள். ஆனால் கசங்கின துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. தூத்துக்குடி கான்வென்ட் போர்டிங்கில் சிஸ்டர் பெர்னதெத் பழக்கின பழக்கம், உகாண்டாக் காட்டுக்கு நடுவில் வந்தாலும் விடுமா. காலரைப் பிடித்து ஒரு உதறு உதறி, கைகளை உள்பக்கமாக மடித்து, நெஞ்சுப் பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டபோது இடது பையில் எதுவோ கடகடத்தது. சின்னச் சத்தம். கண்ணாடிக் குப்பிக்குள் மாத்திரை உருளுகிற சத்தம். அந்தப் பைக்கு மூடி வைத்து, மூடிக்குப் பட்டனும் வைத்துத் தைத்தவள் அவள்தான், குனிந்தால் குப்பி விழுந்துவிடக் கூடாதென்று. பட்டன் போட்டபடியே இருந்தது. சட்டை இங்கே இருந்தது. சட்டைக்குள் இருக்க வேண்டிய மனுஷன் காட்டுக்குள் எங்கேயோ இருந்தார்.

எல்லாம் இந்தச் சட்டையின் நிறத்தால் வந்தது. வெள்ளைகூட இல்லை, க்ரீம் கலர். வண்டியை நிறுத்தினதுமே கெமிகிசா, வழிகாட்டிப் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் இடுப்பில் தொங்கும் ஸ்பீக்கர் பெட்டியுமாக வந்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாபா, கல்யாணத்துக்கா கிளம்பினீங்க? இந்தச் சட்டையோட உள்ள போனா பறவைங்க எல்லாம் மொய் வைக்க வேண்டியிருக்கும்னு ஓடிடும்" என்று அந்த ஊர் இங்கிலீஷில் சொன்னாள். அப்படித்தான் அமலோற்பவத்துக்குக் கேட்டது. பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆசாரம் இருக்கிறது, தவக்காலம் தோற்றுவிடும். வெளிர் நிறம் ஆகாது, சென்ட் ஆகாது, போன் ஆகாது, பேச்சு ஆகவே ஆகாது. கெமிகிசா தன் பையிலிருந்து ஒரு பச்சைக் கோட்டை எடுத்து நீட்ட, இவரும் நடுரோட்டில் பனியனோடு நின்று, நரைத்த நெஞ்சு மயிர் காற்றில் ஆட, பள்ளிக்கூடப் பிள்ளை யூனிபார்ம் மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். "எப்படி இருக்கேன்?" என்று இவளைக் கேட்டார். "மில் வாட்ச்மேன் மாதிரி இருக்கீங்க. பீடி ஒண்ணுதான் குறை" என்றாள் இவள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் போயிற்று. சிரிக்காமல் இருந்திருந்தால் கை தன்னாலே பைக்குப் போயிருக்கும், குப்பியை எடுத்துக் கோட்டில் போட்டிருக்கும். வாய்த்துடுக்கு. இந்த வாயால் நீ அனுபவிப்பாய் என்று சிஸ்டர் சொல்லாத நாள் உண்டா.

போன வருஷம் மழைக்கு முன்னால் இப்படித்தான் ஒரு சாதாரண மத்தியானம். சுகர் மில்லில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. சாப்பாட்டுக்கு வந்தவர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, புளிச்ச ஏப்பமா வருது, கொஞ்சம் சோடா குடு என்றார். இவள் சோடாவைக் கொடுத்துவிட்டு, நேற்று ராத்திரி தின்ற வறுவலைப் பற்றி ஒரு பாட்டம் பேசினாள். பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் முகம் கரும்புச்சக்கைச் சாம்பல் நிறத்தில் இருந்தது, நெற்றியெல்லாம் முத்து முத்தாக. தலைநகரத்துக்குப் போகிற ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர், ஒவ்வொன்றின் பின்னாலும் வண்டி ஊர்ந்து ஊர்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இவள் செபமாலை சொல்ல நினைத்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தபிறகு டாக்டர் இந்தக் குப்பியைக் கொடுத்து, நெஞ்சு இறுகினால் உடனே நாக்குக்கு அடியில் ஒன்று, தாமதிக்கக் கூடாது, இது உங்களை விட்டு ஒரு கை தூரம் போகக் கூடாது, ஓடக் கூடாது, பதறக் கூடாது, ஆனால் நடக்கலாம் என்றார். நடக்கலாம் என்று சொன்னதுதான் வினை. நடக்கப் போனவர் குவார்ட்டர்ஸ் வேலியோரம் ஏதோ குருவியைப் பார்த்தார், பிறகு ஒரு பைனாகுலர் வந்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் பூசை முடிந்த கையோடு காடு. ஈப்பிடிப்பான் சாதியில் இந்தக் காட்டில் இருக்கிறது அத்தனையும் பார்த்தாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. சாம்பல் முதுகு, சாம்பல் தொண்டை, கண்ணுக்கு முன்னால் வெளுப்பாக ஒரு கீற்று. அவ்வளவுதான் அழகு. மாதா கோவில் மணிக்கூண்டுப் புறா இதைவிட லட்சணமாக இருக்கும். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் விசில் மட்டும் கேட்டதாம், ஆளைக் காணோமாம். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அது தாழ்வா ஒரு கொடியில உக்காரும் அமலி. ஈயப் பாத்தா பாஞ்சு புடிக்கும். புடிச்சிட்டு அதே கொடிக்குத் திரும்பி வரும். அதே எடத்துக்கு." "நீங்களுந்தான் மில்லுக்குப் போயிட்டு அதே சேருக்குத் திரும்பி வர்றீங்க. உங்கள எவ பைனாகுலர் வெச்சுப் பாக்கா?" என்றாள். அதே சேருக்கு. அந்தச் சேர் இப்போது சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது. ச்சீ, என்ன நினைப்பு இது. நாக்கைக் கடித்துக்கொண்டாள், பேசாத வார்த்தைக்கும் நாக்கைக் கடிக்கிற அளவுக்குப் புத்தி போய்விட்டது.

அப்போது விசில் கேட்டது. மெலிந்து, நீண்டு, கடைசியில் கொஞ்சம் கீழே இறங்குகிற விசில். அது பறவை இல்லை, கெமிகிசாவின் பெட்டி. பதிவு செய்து வைத்த சத்தத்தைப் போட்டால், எவனோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று பறவை சண்டைக்கு வருமாம். நல்ல தந்திரம். பெட்டி பாடுகிறதென்றால் பெட்டிக்காரி நடக்கிறாள், பெட்டிக்காரி நடக்கிறாள் என்றால் பக்கத்தில் அவர் நடக்கிறார். அவர் விழுந்திருந்தால் விசில் எதற்கு. கணக்கு சரிதானே. சரிதான். அமலோற்பவம் குப்பியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மூச்சை விட்டாள். ஹாரன் அடிக்கலாம், கை நீட்டினால் எட்டுகிறது. அடித்தால் என்ன ஆகும், இவளுக்கு என்னமோ ஏதோ என்று அவர் ஓடி வருவார். ஓடக் கூடாது. பதறக் கூடாது. குப்பி இங்கே இருக்கிற நேரமாகப் பார்த்து அவரை ஓட வைக்கிறதா. அடிக்காவிட்டால், இந்நேரம் எங்கேயாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பையைத் தடவிக்கொண்டிருந்தால். விசில் மறுபடி கேட்டது. அப்பாடா. அடுத்த விசிலுக்குக் காத்திருக்கும்போது மடித்த சட்டையைப் பிரித்து, விசில் வந்ததும் மடித்து, மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். போர்டிங்கில் மௌன நேரம் என்று ஒன்று உண்டு, சாயங்காலம் விளையாட்டு முடிந்து செபத்துக்கு முன்னால். சிஸ்டர் உதட்டில் விரலை வைத்துவிட்டால் முடிந்தது, இருமினாலும் தண்டனை. ஒருநாள் கொட்டாவி விட்ட வாய்க்குள் ஒரு ஈ போய்விட்டது. துப்பினால் சத்தம் வரும். இருமினால் சத்தம் வரும். அமலோற்பவம் அந்த ஈயை முழுங்கினாள். தொண்டையில் அது கால் உதறினது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மௌனமாக இருந்ததற்காக அந்த வாரம் அவளுக்கு மாதா படம் ஒன்று பரிசு. பெரிய ஈப்பிடிப்பான் நான், என்னைப் பார்க்க எந்த மகராசன் காட்டுக்கு வந்தான்.

விசில் வரவில்லை. இவ்வளவு நேரத்தில் வந்திருக்க வேண்டும். ஜன்னலை இறக்கினாள், கடிக்கிற ஈக்கள் உள்ளே வந்தால் வரட்டும். தலைக்கு மேலே எதுவோ பழைய ரயில் எஞ்சின் மாதிரி புஸ்புஸ்ஸென்று போனது, இருவாட்சி இறக்கை அடிக்கிற சத்தம் என்று அவர் போன தடவை சொல்லியிருக்கிறார். அது போன பிறகு இன்னும் மோசமாக அமைதி. கரும்புக்காட்டு அமைதியில் எங்கேயாவது ஒரு டிராக்டர் இருக்கும், ஒரு பெண் சிரிப்பாள். இங்கே மரங்கள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டு நின்றுகொண்டு இவளுக்கு மட்டும் தெரியாத எதையோ தெரிந்து வைத்திருந்தன. பெட்டியில் சார்ஜ் தீர்ந்திருக்கும். இருக்கும். பறவை கண்ணில் பட்டதால் பெட்டியை நிறுத்தியிருப்பார்கள், பட்டதும் நிறுத்த வேண்டும் என்பதும் ஆசாரத்தில் ஒன்றுதானே. இருக்கும். அல்லது கெமிகிசா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருப்பாள். அந்தப் படம் ஒருதடவை வந்த பிறகு மற்ற இரண்டும் நிற்கவில்லை. இறங்கிவிட்டாள். ஜீப் கதவை, என்ன வெட்கக்கேடு, சத்தமில்லாமல் சாத்தினாள். சட்டையை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை, தோளில் கிடந்தது, குப்பி கைக்குள் இருந்தது.

ஒற்றையடிப் பாதை. இலைகள் நனைந்து, செருப்புக்கு அடியில் சத்தம் போடாமல் அமுங்கின. பாதையின் குறுக்கே கறுப்புக் கயிறு ஒன்று நெளிந்தது, பார்த்தால் எறும்பு வரிசை. கடித்தால் தோலோடு வரும் என்று மில்லில் சொல்வார்கள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். என்ன என்று சொல்லிக் கூப்பிடுவது. அதுதான் இப்போது கேள்வி. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'என்னங்க' என்றாள். காடு அதை வாயிலிருந்தே வாங்கி விழுங்கிவிட்டது. 'என்னங்க' என்பது கூடத்திலிருந்து அடுக்களை வரைக்கும் போகிற சத்தம், அதற்கு மேல் அதற்குக் கால் கிடையாது. "வீட்ல பாபாவ எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கெமிகிசா முதல் தடவை வந்தபோதே கேட்டிருக்கிறாள். "பேர் சொல்ல மாட்டோம். ஒரு இருமல் இருமினா திரும்பிப் பாப்பாங்க." "இருமலா?" கெமிகிசா தொடையில் தட்டிச் சிரித்தாள். அவர்கள் ஊரில் எல்லோருக்கும் பிரியத்துக்கும் மரியாதைக்குமாக இன்னொரு பேர் உண்டாம், வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரியாம். அதனால் அவருக்கு அமூத்தி என்று வைத்தாள், இவளுக்கு அக்கீக்கி. அமூத்தி என்று கத்தலாம். இந்த ஜில்லாவில் பாதிப் பேர் அமூத்தி, காட்டின் அந்தப் பக்கத்திலிருந்துகூட எவனாவது என்ன என்பான். அமலோற்பவம் இங்கிலீஷ் பேசுவாள், கார் ஓட்டுவாள், பேர் சொல்லாத பெண்டுகளைப் பட்டிக்காடு என்று கேலி செய்வாள், ஆனால் ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். வாயைத் திறந்து அவர் பேரைச் சொன்னது வாழ்க்கையில் ஒரே தடவை. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால், சாமியார் அடி எடுத்துக் கொடுக்க, இன்னார் ஆகிய நான் இன்னார் ஆகிய உம்மை என்று. அதுவும் பேர் வந்த இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது, சாமியார் சத்தமா சொல்லும்மா என்றார், முன் பெஞ்சில் எவளோ சிரித்தாள். நோயிலும் உம்மோடு இருப்பேன் என்கிற இடத்தை மட்டும் நன்றாகச் சொன்னாள், அப்போது அது வெறும் வார்த்தை.

விசில் கேட்டது. இடது பக்கம், தூரத்தில். பக்கத்து மரத்தில் கையை ஊன்றினாள். இருக்கிறார். பாடுகிறது, இருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பாதை வளைகிற இடத்தில், மரங்களுக்கு நடுவில் விழுந்த வெளிச்சத்தில், கெமிகிசா குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தாள். பெட்டி அவள் கையில் இருந்தது. பின்னால் யாரும் வரவில்லை. இவள் எட்டிப் பார்த்தாள். பின்னால் மரம், அதற்குப் பின்னால் மரம். அவள் மட்டும். அப்படியானால் இத்தனை நேரமும் அந்த விசில் எதற்குச் சாட்சி. இவள் வாயைத் திறக்கும் முன்னே கெமிகிசா இவளைப் பார்த்துவிட்டாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, உதட்டில் விரலை வைத்து, மற்ற கையால் இவளுக்கு வலப்பக்கம் காட்டினாள். அங்கே புதர் ஒன்று செடியும் கொடியுமாகச் சிக்கிக் கிடந்தது. அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு கொடியில், கை நீட்டினால் தொடுகிற தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் கல்லெறிந்தால் படுகிற தூரத்தில், அது உட்கார்ந்திருந்தது. சாம்பல் முதுகு. சாம்பல் தொண்டை. கண்ணுக்கு முன்னால் வெளுப்பான கீற்று. சட்டென்று பாய்ந்து காற்றில் எதையோ கொத்தியது, இறக்கை படபடத்தது, திரும்பி வந்து அதே கொடியில், அதே இடத்தில் உட்கார்ந்தது. அவர் சொன்னது அப்படியே. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு திட்டு, எல்லாம் இதற்காக. அவர் எங்கே என்று இவள் கையை விரித்துக் கேட்டாள். கெமிகிசா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். சனியனே, பறவையைக் கேட்கவில்லையடி. பச்சைக் கோட்டு போட்டவர் என்பதாக இவள் தன் தோள்களைத் தொட்டுக் காட்டினாள், கெமிகிசா மறுபடி உதட்டில் விரல் வைத்தாள். சிஸ்டர் பெர்னதெத்தின் அதே விரல். கத்தினால் இது போய்விடும், திரும்பி வருமோ வராதோ, அவர் எங்கேயாவது நின்று பைனாகுலரில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் கெடுத்தது நீதான் என்று சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார். சாகிறவரைக்கும். அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டு மனசு நகரவே இல்லை. பறவை தலையைச் சாய்த்து இவளைப் பார்த்தது. தொண்டையில் ஈ கால் உதறினது. இந்தத் தடவை முழுங்க முடியவில்லை.

"சவரிமுத்து."

அது தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, பறவை இல்லை. மேலே குரங்குக் கூட்டம் கிளையோடு கிளை மோதிக் கலைந்தது. "சவரிமுத்து. ஏ சவரிமுத்து." பெற்ற தாய் பிள்ளையைத் தேடிக் கூப்பிடுகிற மாதிரி ஒருமையில், மரியாதை எதுவும் ஒட்டாமல் வந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காத அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் அவரை ஜீப்பில் ஏற்றி, விமானத்தில் ஏற்றி, தூத்துக்குடியில் இறக்கி, மாதா கோவில் கல்லறையில் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"யாரு?"

புதருக்கு அந்தப் பக்கம். தூரத்தில் இல்லை, எங்கேயோ இல்லை, அந்தக் கொடி துருத்திக்கொண்டிருந்த புதருக்கு நேர் பின்னால். தேய்ந்த குரல், ஆனால் குரல். "நாந்தான். எந்திரிக்காதீங்க. இருக்க எடத்துலயே இருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் புதரைச் சுற்றவில்லை, உள்ளே புகுந்தாள், முள் சேலையை இழுத்தது, இழுக்கட்டும். பெரிய மரத்தின் பலகை மாதிரி விரிந்த வேருக்கு இடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பைனாகுலர் மடியில். முகம் அதே சாம்பல். பச்சைக் கோட்டின் பைகளெல்லாம் வெளியே இழுத்துவிடப்பட்டு நாக்கு மாதிரி தொங்கின, வலது கையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, கெமிகிசாவுடையது, மாத்திரையைத் தேடின கைக்கு அதுதான் கிடைத்திருக்கிறது. குப்பியின் மூடி திறக்க மாட்டேனென்றது. பல்லால் திறந்தாள். "நாக்கத் தூக்குங்க." தூக்கினார். மாத்திரையை வைத்தாள். "மூடுங்க. பேசாதீங்க." குப்பியை மூடி அவர் மடியில் வைத்தாள்.

கெமிகிசா ஓடி வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் மண்டிபோட்டுவிட்டாள். "சாரி, அக்கீக்கி, சாரி. நான் இங்கேயே உக்காந்துக்கறேன், நீ அந்தப் பக்கத்துலேருந்து பறவைய இழுத்துட்டு வான்னு பாபாதான் சொன்னாரு. ஒண்ணும் சொல்லலியே, நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே." "அவ சொல்றது நெசமா?" என்றாள் அமலோற்பவம். "சத்தம் ஒண்ணு குடுத்தா என்ன? அந்தப் பக்கந்தான நின்னேன். ஒரு இருமல் இருமியிருந்தாக்கூட வந்திருப்பேனே." அவர் கண்ணை மட்டும் உயர்த்திக் கொடியைக் காட்டினார். அப்புறம் இவளைப் பார்த்தார், திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை பார்க்கிற மாதிரி. புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இந்தப் பக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர், அந்தப் பக்கம் குப்பியைப் பிடித்துக்கொண்டு இவள், நடுவில் ஒரு சாண் குருவி. அது பறந்துவிடக் கூடாதென்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கையை ஓங்குவதற்குப் பதிலாகக் கோட்டுப் பட்டன்களைக் கழற்றி, க்ரீம் சட்டையால் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கழுத்தில் விரலை வைத்தாள். துடித்தது. தடுக்கி, நின்று, மறுபடி துடித்தது.

"கொஞ்ச நேரம் யாரும் அசைய வேண்டாம்" என்றாள் கெமிகிசாவிடம். "இவுகளுக்கு எறங்குற வரைக்கும்." எது இறங்குகிற வரைக்கும் என்று கெமிகிசா கேட்கவில்லை. மூன்று பேரும் வேரோடு வேராக உட்கார்ந்திருந்தார்கள். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் உதட்டோரம் ஏதோ சொல்ல அசைந்தது. "நாக்க அசைக்காதீங்கன்னு சொன்னேன்ல." அப்படியும் சொன்னார், மாத்திரையை நாக்குக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, குழறலாக: "பேர் சொல்லிக் கூப்ட்ட." "வேற எவளோ. நான் இல்ல." சாம்பலுக்கு அடியில் கொஞ்சம் ரத்தம் வந்திருக்கிறதா, வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறதா, தெரியவில்லை. திடீரென்று அவர் கண் இவள் தோளுக்கு மேலே போய் நின்றது. அகன்றது. கெமிகிசா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. இவளுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், சின்னதாக ஒரு இறக்கைப் படபடப்பு, பிறகு கொடி லேசாக ஆடுகிற சத்தம். வந்துவிட்டது. அதே கொடிக்கு, அதே இடத்துக்கு. திரும்பிப் பார் என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அமலோற்பவம் திரும்பவில்லை. அவர் கழுத்தில் வைத்த விரலை எடுக்காமல், அந்தத் துடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுத்தால் அது பறந்துவிடும் என்பது போல.